வலது பக்கம் ஓடும் கடல்

"மறுபடியும் வலது பக்கம்தான் போயிருக்கு" என்றாள் நர்ஸம்மா.

"எது?" என்றார் அவள் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"கடல்."

"கடல் எந்தப் பக்கம் போனா நமக்கென்ன?"

"நான் செஞ்ச கடல்."

அவர் செய்தித்தாளை மடித்தார். இனி படிக்க விடமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

கடல் என்பது மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு பலகை. அதன் மேல் நீலத் தூள் கலந்த ரெசினை ஊற்றி, ஊசி மருந்துக் குப்பிகளின் வண்ண வண்ண மூடிகளை மீன் கூட்டமாகப் பதித்திருந்தாள். ஒரு நாள் முழுக்க அட்டைப்பெட்டியால் மூடி வைத்துவிட்டு இன்று காலையில் திறந்து பார்த்தால், இடது பக்கத்து மீன்கள் கரையேறித் தவித்துக்கொண்டிருந்தன. வலது பக்கத்து மீன்கள் ஆழத்தில் போய்க் காணாமலே போயிருந்தன. போன வாரம் செய்த பலகையும் இதே கதைதான்.

ரெசின் தேன் மாதிரி இருக்கும். ஹார்டனர் என்கிற இன்னொரு திரவத்தை அதோடு இரண்டுக்கு ஒன்று அளவில் கலந்தால், நாற்பது நிமிடத்துக்குச் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு யார் பேச்சையும் கேட்காது; மறுநாள் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். இதையெல்லாம் நர்ஸம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், என்ன பாஷை என்றே தெரியாத ஒரு தாடிக்காரரின் வீடியோக்களைப் பார்த்து, அவர் கையை மட்டும் கவனித்துக் கற்றுக்கொண்டாள். ஆபரேஷன் தியேட்டரிலும் அவள் டாக்டர்கள் பேசுவதைக் கேட்டதில்லை, கையைத்தான் பார்ப்பாள்.

கணவர் எடையளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது, ஆனால் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இன்னும் எல்லாருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான். துறையில் கழித்துப் போட்ட பழைய தராசுகள் முப்பத்தொன்றைச் சேர்த்து வைத்திருந்தார். அவை கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ரெசின் வேலை நடக்கும் பெரிய அறையில் அலமாரி அடித்து அவற்றை வரிசையாக நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை.

இது விஷயமாக இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது.

"சொந்தக்காரங்களாக இல்லாத ஒரே ஒரு ஆள் தானா வந்து, பிடிச்சிருக்குன்னு சொல்லி, ஒரு பலகையை வாங்கணும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள. இல்லேன்னா ரூம் எனக்கு" என்று அவர் சொல்லியிருந்தார்.

அதுவரை ஐந்து பலகைகள் வீட்டைவிட்டுப் போயிருந்தன. ஐந்தும் உறவுக்காரர்களுக்கு, ஐந்தும் இலவசம். நாத்தனார் வீட்டுக்குப் போன பலகையின் பெயர் 'பார்வையாளர் நேரம்'. எக்ஸ்ரே பிலிமைச் சின்னச் சின்ன ஜன்னல்களாக வெட்டி, மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. அது இப்போது அங்கே தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருக்கிறது. நர்ஸம்மா அதைக் கண்ணால் பார்த்ததோடு, அந்த டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

அறை போய்விடுமே என்பது மட்டும் அவள் கவலை இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஊசி போட்டிருக்கிறாள். ஒருவர்கூட 'நல்லாப் போட்டீங்க' என்று சொன்னதில்லை. தன் கையால் செய்த ஒன்றைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு மனிதர் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் சர்வீஸில் வைத்திருந்த தன் பித்தளை ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, அவள் ரெசின் ஊற்றும் மேஜை மேல் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். குமிழி நடுவில் இல்லை.

"மேஜை வலது பக்கம் தாழ்ந்திருக்கு. நீ பெருக்கும்போது இழுத்திருக்க."

"இழுத்தா நகரும். சாயுமா?"

"கால் தேயும்."

"ஒரு பக்கத்துக் கால் மட்டும் தேயுமா?"

"நீ எந்தப் பக்கம் இழுத்தியோ, யாருக்குத் தெரியும்?"

காலண்டர் அட்டையைக் கிழித்து, மடித்து, வலது பக்கத்து இரண்டு கால்களுக்கு அடியிலும் செருகினார். குமிழி ஒழுங்காக நடுவுக்கு வந்து நின்றது. அவர் ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மேஜைக் காலில் ஒட்டினார்.

"முத்திரை ஒரு வருஷத்துக்குச் செல்லும். அதுக்குள்ள நீயா ரசமட்டம் வச்சுப் பாக்கக்கூடாது."

"பாத்தா என்ன?"

"முத்திரை வச்சவன் மேல சந்தேகப்படறதா அர்த்தம். எங்க டிபார்ட்மென்ட்ல அப்படி ஒரு பழக்கம் கிடையாது."

நர்ஸம்மா கடலைக் குப்புறத் திருப்பினாள். பலகையின் பின்பக்கத்தில், அழியாத மார்க்கர் பேனாவால் எழுதத் தொடங்கினாள். தேதி, ஊற்றிய நேரம், அறையின் வெப்பம், இடது ஓரத்துத் தடிமன் நான்கு மில்லிமீட்டர், வலது ஓரம் ஐந்தரை.

"பலகைக்கு ஜுரமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதி வைக்கலேன்னா அடுத்த டியூட்டிக்கு வர்றவளுக்கு எப்படித் தெரியும்?"

"அடுத்த டியூட்டிக்கு யாரு வர்றா?"

"நான்தான்."

அவள் அப்போது பெரிதாகக் கவலைப்பட்டது சாய்வைப் பற்றி அல்ல, தூசியைப் பற்றித்தான். பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு, தரைக்கு அடியில் இரண்டு தளம் வண்டி நிறுத்துவதற்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு மெஷின் 'தொம் தொம்' என்று ஆரம்பிக்கும். அங்கே கிளம்பும் மண் இவர்களுடைய மூன்றாவது மாடி ஜன்னல் வழியாக வந்து, ஈர ரெசின் மேல் நிதானமாக உட்காரும். வெள்ளை நிறத்தில் செய்த 'டெட்டால்' என்ற பலகை, மிளகுத்தூள் தூவியது மாதிரி ஆகிவிட்டது.

மேஜைக்கு வலது பக்கம் இருந்த அந்த ஜன்னலைச் சாத்திவிடலாம் என்று முடிவு செய்தாள். ஜன்னல் சாத்த வரவில்லை. கீழே ஒரு மூலை இடித்தது, மேலே எதிர் மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

தச்சர் வந்தார். போன மாதம்தான் வாசல் கதவு இடிக்கிறது என்று வந்து சீவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"மழைக்கு மரம் ஊதியிருக்குக்கா."

"மழையே பெய்யலையே?"

"அப்போ வெயிலுக்குச் சுருங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, இடித்த மூலையைச் சீவி, இடைவெளியில் ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்தார். ஜன்னல் சாத்திக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

காற்று இல்லாத அறையில் ரெசினுக்குச் சூடு ஏறியது. நாற்பது நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டியது, இருபதே நிமிடத்தில் கோப்பையிலேயே கொதித்து, கோப்பையையும் இளக்கிவிட்டது. அடுத்த தடவை நர்ஸம்மா அவசர அவசரமாகக் கலக்கி, அவசர அவசரமாக ஊற்றினாள். மறுநாள் திறந்து பார்த்தால் இடது மூன்றரை, வலது ஐந்தரை.

"நீ வலது கையால ஊத்தற. வேகமா ஊத்தினா எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஊத்தின பிறகு அதுவே பரவிச் சமமாகும். ரெசினோட குணமே அதுதான்."

"எல்லா வியாபாரியும் தன் சரக்கைப் பத்தி அப்படித்தான் சொல்லுவான். இடது கையால ஊத்திப் பாரு. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

அவர் பக்கத்தில் நின்றார். அவள் இடது கையால் ஊற்றினாள். கால் லிட்டர் ரெசின் பலகையின் மேலும், மீதி அவருடைய பேன்ட்டின் மேலும் விழுந்தது. அதைக் கழற்றி வேலை அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். மறுநாள் அது தானாக நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து, "யாரது?" என்று அவரே இரண்டு தடவை கேட்டார்.

பலகை இந்தத் தடவையும் வலது பக்கம்தான் தடித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ரசமட்டத்தை எடுத்தார். முத்திரை வைத்த மேஜை, பதினைந்தே நாளில் மறுபடி தாழ்ந்திருந்தது. அவர் முகம் கறுத்தது. இரண்டாவது அட்டையைச் செருகினார், இரண்டாவது சீட்டை ஒட்டினார். ஒரு வாரம் கழித்து மூன்றாவது அட்டை, மூன்றாவது சீட்டு. அதற்கும் அடுத்த வாரம் குமிழி மறுபடி விலகி நின்றபோது, ரசமட்டத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்தொன்பது வருடம் கூடவே வந்த கருவி. அதை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுக் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார்.

புதியதும் அதையேதான் சொன்னது.

"ரெண்டும் ஒரே மாதிரி பொய் சொல்லுது" என்றார்.

"ரெண்டும் ஒரே மாதிரி சொன்னா அது உண்மையா இருக்கலாம் இல்லையா?"

"என் சர்வீஸ்ல பக்கத்துப் பக்கத்துக் கடையில ரெண்டு தராசு ஒரே மாதிரி குறைச்சுக் காட்டினா, ரெண்டு கடைக்காரனும் பேசி வச்சுக்கிட்டான்னு அர்த்தம்."

"ரசமட்டம் யாரோட பேசி வச்சுக்கும்?"

அவர் அவளையே பார்த்தார். நர்ஸம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊசியைத் தவிர வேறு எதையும் யாருக்கும் தெரியாமல் செய்து பழக்கமில்லாதவள் அவள்.

"நான் ஏன் என் வேலையை நானே கெடுத்துக்கணும்?"

"தப்பு என் மேல வரணும்னுதான். இன்னொண்ணும் சொல்றேன். பாத்ரூம்ல தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம, ஜன்னல் பக்கமா போய்த் தேங்குது. நீ ரெசினைக் கழுவிக் கழுவி ஊத்தி ஓட்டையை அடைச்சிட்ட."

"நான் ஒரு சொட்டு ரெசினைக்கூட அங்க கொட்டினதில்ல."

"அப்போ தண்ணி ஏன் அந்தப் பக்கம் போகுது? தண்ணிக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது நாள் இன்ஸ்பெக்டர் தச்சரைக் கூப்பிட்டார். இனி மேஜையை யாரும் அசைக்க முடியாதபடி, நான்கு கால்களையும் அட்டைகளோடு சேர்த்து இரும்புப் பட்டி வைத்துத் தரையில் திருகிவிடச் சொன்னார். தச்சர் திருகினார். போகிற போக்கில் வாசல் கதவையும் மறுபடி சீவினார்.

"இதுக்கு மேல சீவினா கதவு ஜன்னலாயிடும்க்கா" என்றார். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு எடுத்துக்கவா? பசை டப்பா வைக்க நல்லா இருக்கும்" என்று கேட்டார்.

நர்ஸம்மா பழுதான பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

மேஜையைத் திருகியது வேறு வினையாகப் போயிற்று. முன்பாவது அட்டை செருக வழி இருந்தது, இப்போது அதுவும் இல்லை. கணவர் வெளியே போகும் நேரம் பார்த்து நர்ஸம்மா ஒரு தந்திரம் செய்தாள். தான் செய்து விற்காமல் கிடந்த வட்டமான டம்ளர் தட்டுகளை எடுத்து, பலகையின் வலது பக்கத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். எத்தனை தட்டு வைப்பது என்பதற்குப் போன பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வாள். போன தடவை ஜுரம் இவ்வளவு, ஆகவே இந்தத் தடவை மருந்து இவ்வளவு. ஆனால் வியாதி எப்போதும் மருந்துக்கு ஒரு படி முன்னாலேயே இருந்தது. ஒரு தட்டு வைத்தால் இரண்டு தேவைப்பட்டது. இரண்டு வைத்தால் மூன்று.

பழுதான பலகைகள் பதினொன்று ஆகிவிட்டன. 'கடல்', 'டெட்டால்', 'காலைச் சூரியன்', 'பத்தாம் நம்பர் கட்டில்'. எல்லாம் ஒரே பக்கமாகத் தடித்து, எல்லாம் பின்னால் தேதியோடும் அளவோடும், சுவரில் சாய்ந்து நின்றன. மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. இன்ஸ்பெக்டர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுற்றிச் சுற்றி வந்து சுவரை அளந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோ. பெரிய தராசு இங்கதான் வருது."

அன்று திறந்தது பன்னிரண்டாவது பலகை, மறுபடியும் ஒரு கடல். கடைசி நம்பிக்கை. அதில் சாய்வோடு சேர்த்து தூசியும் விழுந்திருந்தது, ஏனென்றால் தச்சர் அடித்த சட்டம் தானாகப் பிதுங்கி வெளியே வந்திருந்தது. நர்ஸம்மா கையுறையைக் கழற்றி எறிந்தாள். பலகையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, பக்கத்து மனைக்குள் நுழைந்தாள்.

"யாருங்க இங்க பெரியவரு? உங்க மண்ணு என் கடல்ல விழுந்திருக்கு!"

மெஷின் நின்றது. வார்டில் மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை கேட்டுப் பழகிய குரல் அது.

அன்று மதியமே இன்ஸ்பெக்டர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் பளபளக்கும் ஷூ. பக்கத்து மனை இன்ஜினியர். தட்டியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. தச்சர் அவ்வளவு சீவியிருந்தார்.

"தூசிக்கு மன்னிக்கணும் மேடம். நாளையிலேர்ந்து தண்ணி தெளிக்கச் சொல்றேன்."

"நாளைக்குத் தெளிச்சா இதுல இருக்கறது போயிடுமா? இந்தாங்க, லென்ஸ். நல்லாப் பாருங்க."

இன்ஜினியர் மரியாதைக்காகப் பார்த்தார். கல்யாண ஆல்பத்தைக் கையில் திணித்தால் விருந்தாளிகள் பார்ப்பார்களே, அப்படி.

"அழகா இருக்கு மேடம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அழகா இல்ல. உங்களாலதான் இல்ல. பின்னாடி பாருங்க, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கேன். உங்க மெஷின் வர்றதுக்கு முந்தி ஒரு பொட்டுத் தூசி கிடையாது."

அவர் பலகையைத் திருப்பினார், படித்தார். கைக்கடிகாரத்தை மறந்துவிட்டார்.

"இடது மூணு, வலது ஆறு… முட்டு நாலு தட்டு… இது என்ன மேடம்?"

"ரெசின் ஒரு பக்கமா ஓடுது. எவ்வளவு ஓடுதுன்னு குறிச்சு வைக்கறேன்."

"எல்லாத்துலயுமா எழுதியிருக்கீங்க?"

"எல்லாத்துலயும்தான். நான் நர்ஸா இருந்தவ."

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அனுமதி கேட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்த பலகைகளைத் தானே தூக்கித் தேதிவாரியாக வரிசையாக வைத்தார். முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகை வரை நடந்தார். கடைசியிலிருந்து முதல் வரை திரும்பி நடந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மண்டியிட்டு, கண்ணை ஓரத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் அருகே போய் நின்று, வெகு நேரம் வெளியே வெறித்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

நர்ஸம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். தான் செய்ததை ஒருவர் இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதை அவள் அதுவரை கண்டதில்லை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா மேடம்?" என்றார் அவர். குடித்தார். "எல்லாத்தையும் நான் வாங்கிக்கறேன்."

வாசலில் நின்றிருந்த இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த அளவு நாடா, 'சர்ர்' என்று தானாகச் சுருண்டு உள்ளே போனது.

"எல்லாம்னா?" என்றாள் நர்ஸம்மா.

"பன்னெண்டும்."

"தூசி விழுந்ததுமா?"

"அதுவும்."

"மூலை உடைஞ்சது ஒண்ணு இருக்கு."

"உடைஞ்ச துண்டு இருந்தா அதையும் சேர்த்துக் குடுங்க."

"உங்களுக்கு… பிடிச்சிருக்கா?"

இன்ஜினியர் வார்த்தையைத் தேடினார். "வரிசையா பாக்கும்போது அதுல ஒரு வளர்ச்சி தெரியுது மேடம். நான் இதுவரைக்கும் இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்காக மேஜையைத் துடைத்தாள்.

"இதெல்லாம் வேற யாருகிட்டயாவது இருக்கா மேடம்? போட்டோ எடுத்து எங்கேயாவது போட்டிருக்கீங்களா?"

"போட்டோ எடுத்திருக்கேன். முன்பக்கம் மட்டும்."

"முன்பக்கம்னா பரவாயில்ல" என்றார் அவர். "வெளிய குடுத்தது?"

நர்ஸம்மா யோசித்தாள். தச்சர் பசை டப்பா வைக்க எடுத்துக்கொண்டு போனதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. உறவுக்காரர்களுக்குக் கொடுத்த ஐந்தில் நாத்தனார் வீட்டுப் பலகையை மட்டும் சொன்னாள். இன்ஜினியர் அங்கேயே முகவரியைக் குறித்துக்கொண்டு ஒரு ஆளை அனுப்பினார். அரை மணி நேரத்தில் நாத்தனாரின் போன் வந்தது.

"அண்ணி, யாரோ ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு வந்து டிரம் மூடியைக் கேக்கறாங்க. குடுத்துடவா?"

"குடு. அது மூடி இல்ல."

"அப்போ டிரம்மை எதைப் போட்டு மூடறது?"

"அதை நீதான் பாத்துக்கணும்" என்றாள் நர்ஸம்மா. இந்த வாக்கியத்துக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள்.

இதற்குள் இன்ஜினியர் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தார்.

"இந்தச் சீட்டுல இருக்கறது யாரு கையெழுத்து சார்?"

"என்னுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தேதியெல்லாம் சரியா இருக்குமா?"

"கோர்ட்டுல போய் நின்னிருக்கு சார் என் கையெழுத்து. ஒரு தேதி தப்பினதா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"அப்படீன்னா மேஜையும் வேணும்."

"மேஜையா?"

"அட்டை, சீட்டு, இரும்புப் பட்டி, எல்லாத்தோடவும். இந்த மாதிரி வேலையில மேஜையும் ஒரு பாகம்தான் சார்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரசமட்டம்கூட ரெண்டு இருக்கு. ஒண்ணுல என் இனிஷியல் செதுக்கியிருக்கேன்" என்றார். இன்ஜினியர் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

அவர் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் அளவு நாடாவைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார்.

"ரூம் உனக்கே" என்றார்.

"தெரியும்."

"அந்த முதல் கடல் நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்போ பாத்தீங்க?"

"நீ கடைக்குப் போயிருந்தப்ப. வலது பக்கம் ஆழமா போறது ஒரு மாதிரி அழகாத்தான் இருந்துச்சு. சொன்னா நீ விடமாட்டியேன்னு சொல்லல."

நர்ஸம்மா குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். தண்ணீர் வழக்கம்போல ஜன்னல் பக்கம் போய்த் தேங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. நான்கு ஆட்களும் ஒரு வயதான மேஸ்திரியும் மாடி ஏறி வந்தார்கள். பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேஜையைத் தரையிலிருந்து கழற்றினார்கள். மேஸ்திரி ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, ஒன்றும் விட்டுப்போகாமல் டிக் அடித்தார். டம்ளர் தட்டுகளையும் எடுத்துக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற பேன்ட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அறை காலியானது. நர்ஸம்மா அடுத்த பலகையை எங்கே வைத்து ஊற்றலாம் என்று ஏற்கனவே யோசிக்க ஆரம்பித்திருந்தாள். இந்தத் தடவை பெரிதாக, ஆறடி நீளத்தில்.

கீழே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. மேஸ்திரி கையெழுத்து வாங்குவதற்காக நின்றிருந்தார்.

"உள்ள வந்து உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்."

"வேணாம்மா, நான் இப்படி வாசல்லயே நிக்கறேன்."

அவள் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேஸ்திரி குடிக்கும்போது கதவு நிலையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். அவர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, முந்தின நாளிலிருந்து மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த கேள்வியை அவள் கேட்டாள்.

"ஏங்க, உங்க இன்ஜினியருக்கு இருக்கறதுலயே எந்தப் படம் ரொம்பப் பிடிச்சுதாம்? அவரு ஆபீஸ்ல எதை மாட்டப்போறாரு?"

மேஸ்திரி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்பக்கத்தை அவரு பாக்கவே இல்லம்மா, எல்லாத்தையும் உடைச்சு அஸ்திவாரத்துல போட்டு கான்கிரீட் ஊத்தச் சொல்லிட்டாரு, ஏன்னா உங்க கட்டடம் எங்க குழிப் பக்கமா சாஞ்சுக்கிட்டே வருதுங்கறதுக்கு, பின்னாடி நீங்க தேதி போட்டு எழுதி வச்சதுதானே ஒரே சாட்சி!"